காம்பராவும் வீடுதான்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மலை ஏறி இறங்கி, அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு, இந்தக் குளிரிலும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்க மாட்டோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் வீடு. புது வீடு கட்டுவது பற்றிய பேச்சல்ல இது. இப்போது இருக்கிற இடத்தில் கதகதப்பாகவும் ஆசையோடும் இருப்பது எப்படி என்பது பற்றி.

இப்படிச் சொன்னவுடனேயே சிலருக்குச் சிரிப்பு வருவது தெரிகிறது. "பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. அதுல ஏழு பேர் படுக்கிறோம். இதுல என்னத்த அலங்காரம்?" என்று நினைக்கிறீர்கள். லயங்களுக்கு வரும்போதெல்லாம் நாங்கள் கேட்கிற இன்னொரு பேச்சும் இருக்கிறது. "இது கம்பெனி லயம். நாளைக்கு எழும்புன்னா எழும்பணும். நம்ம காசைப் போட்டு நாம ஏன் இதைச் செய்யணும்?" இது நியாயமான கேள்வி. ஆகையால் முதலில் இதற்கே பதில் சொல்ல வேண்டும்.

லயம் என்பது குடும்பம் நடத்துவதற்கென்று கட்டப்பட்டதல்ல. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கிற பருவத்துக்கு ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து, வேலை முடிய ஊருக்குத் திரும்பினார்கள். அப்படி வந்து போகிறவர்கள் ஒதுங்குவதற்குத்தான் வரிசையாக அறைகளைக் கட்டினார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். பிறகு கோப்பி நோயில் அழிந்து, மலையெல்லாம் தேயிலையானது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுவதும் கொழுந்து வரும். ஆட்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். ஆனால் அறை மட்டும் அதே ஒதுங்கும் அறையாகவே இருந்துவிட்டது.

சுவர் யாருடையது என்ற கணக்கு அப்படி இருக்கட்டும். அதற்குள்ளே நடந்த வாழ்க்கை யாருடையது? உங்கள் பாட்டி பிள்ளை பெற்றது அங்கே. உங்கள் அப்பா கண்ணை மூடியது அங்கே. ஐம்பது அறுபது வருடம் ஓர் இடத்தில் 'தற்காலிகமாக' இருக்க யாராலும் முடியாது. காணி வேண்டும், உறுதிப் பத்திரம் வேண்டும், தனி வீடு வேண்டும் என்ற கோரிக்கை ஒரு பக்கம் நடக்கட்டும். அதை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். "காம்பராவை அழகாக்கினா, இவங்களுக்கு வீடு தேவையில்லன்னு சொல்லிருவாங்க" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சுண்ணாம்பு அடித்த காம்பராவும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதானே! வெள்ளையடித்ததால் அது இரண்டு அறையாகிவிடப் போவதில்லை. ஆனால் வீடு கிடைக்கிற நாள்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஞாபகத்தில் நிற்கப்போகிற வீடு இப்போது இருக்கிறதுதான்.

சரி, எங்கே தொடங்குவது? அடுப்பில் தொடங்குவோம்.

பங்களாவில் விருந்தினரை உட்கார வைக்க ஓர் அறை இருக்கும், அதில் கணப்படுப்பும் இருக்கும். நமக்கு இரண்டும் குசினிதான். மழை நாளில் யார் வந்தாலும் நேரே அடுப்படிக்குத்தான் போகிறோம். கைகாய்ந்து, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை பேசி, பிள்ளைகள் கிழங்கு சுட்டுத் தின்பதெல்லாம் அங்கேதான். அப்படியானால் வீட்டிலே முதலில் சீராக்க வேண்டிய இடம் அதுதானே? ஆனால் நாங்கள் பார்க்கிற அநேக வீடுகளில் முன்பக்கம் பிளாஸ்டிக் பூ தொங்குகிறது, அடுப்படியில் புகையால் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை.

புகையை வெளியேற்றாமல் எந்த வீடும் சுகமான வீடாகாது. கண் எரிச்சல், இருமல், பிள்ளைகளின் நெஞ்சுச் சளி எல்லாம் ஒரு பக்கம். வெள்ளையடித்த சுவர் மூன்று மாதத்தில் கறுப்பதும் துணியெல்லாம் புகை நாறுவதும் அதனால்தான். புகைபோக்கி இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறையாவது கரியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். புகைபோக்கி இல்லாத குசினியில், அடுப்புக்கு நேர் மேலே கூரையருகில் புகை போக வழி விட வேண்டும். மழைத் தண்ணி உள்ளே வராதபடி அதற்குமேல் ஒரு தகரத்தைச் சற்று உயர்த்தி அடித்துக்கொள்ளலாம். அடுப்பு விடயத்தில், 1990களில் நம் நாட்டில் பரவிய 'அனகி' என்ற களிமண் அடுப்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரே வாயில் விறகு வைத்து இரண்டு சட்டி வைக்கலாம். முன் சட்டியைத் தாண்டிப் போகிற சூடு பின் சட்டியைக் காய வைக்கும். அதை வாங்கி வெறுமனே தரையில் வைத்தால் சீக்கிரம் வெடித்துப் போகும். புற்று மண்ணையும் சாம்பலையும் குழைத்துச் சுற்றிவர நன்றாகப் பூசி அணைத்துவிட வேண்டும். 2022இல் காஸும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது, டவுனில் இருக்கிறவர்களும் விறகடுப்பைத் தேடினார்கள். நமக்கு அது புதுசில்லை. புகையில்லாமல் எரிக்கப் பழகுவதுதான் மிச்சம்.

விறகு ஈரமாக இருந்தால் எந்த அடுப்பும் புகையும். கவ்வாத்து மிலாறைக் கொண்டுவந்த அன்றே அடுப்பில் சொருகாமல், மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கிக் காயவிட்டு எடுங்கள். அடுக்கி வைத்த விறகே ஒரு அழகு. குச்சியை ஒரே நீளமாக வெட்டி வரிசையாக அடுக்கிய அடுப்படியைப் பார்த்தால், அந்த வீட்டுக்காரரின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம், இரண்டு கல்லின்மேல் ஒரு பலகை போட்டு உட்கார இடம் செய்யுங்கள். பலகைமேல் பழைய கம்பளியை மடித்துத் தைத்துப் போட்டால் போதும். அதைவிடச் சுகமான ஆசனம் மலைநாட்டில் இல்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குளிருக்காக நெருப்புச் சட்டியில் தணல் போட்டு, கதவு யன்னலை மூடிக்கொண்டு தூங்கவே கூடாது. தணலிலிருந்து வருகிற நச்சு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கினவர் தூங்கினபடியே போய்விடுவார்.

அடுத்தது ஈரமும் இருட்டும். பழைய லயங்களின் சுவர் கருங்கல்லும் மண்ணுமாக, ஆளகலம் தடிப்பாக இருக்கும். அது நிலத்திலிருந்து ஈரத்தை இழுக்கும். இப்படிப்பட்ட சுவருக்குக் கடையில் விற்கிற பளபளப்பான பெயின்டை அடித்தால், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்பளித்து, அப்பளம் மாதிரி உரிந்து விழும். காசும் போச்சு, அழகும் போச்சு. சுண்ணாம்பு அப்படியல்ல, சுவரை மூச்சு விட வைக்கும். விலையும் குறைவு. கல்சுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். ஆகவே பிளாஸ்டிக் வாளி வேண்டாம், தகர வாளியில் தண்ணியை முதலில் வைத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒரு இரவு ஊறவிட்டு, துணியில் வடித்து, ஒரு கை உப்புப் போட்டுக் கலக்கினால் சுவரில் நன்றாகப் பிடிக்கும். தண்ணியாகக் கரைத்து இரண்டு மூன்று முறை அடிப்பது நல்லது, ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் உதிரும். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கலந்தால் மங்கலான நீலம் வரும், காவி கலந்தால் வேறு நிறம். ஒரே லயத்தில் பத்துக் காம்பராவும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள், உள்பக்கமாவது தங்கள் மனசுக்குப் பிடித்த நிறத்தைத் தெரிவு செய்யலாமே!

தீபாவளிக்கு முதல் வாரம் அவசரமாக வெள்ளையடிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அது மழைக் காலம், சுவர் காயாது. முடிந்தால் தைப்பொங்கலுக்கு அடியுங்கள். ஹட்டன், தலவாக்கலை பக்கம் தை, மாசி மாதங்களில்தான் நல்ல வெயில் வருகிறது. ஊவாப் பக்கத்துக்காரர்களுக்கு அது மழை முடிகிற நேரம், அவர்கள் ஆடி, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைச் சுவர் பாதி விளக்குக்குச் சமம். மிச்சப் பாதிக்கு, தகரக் கூரையில் ஒரு தகட்டை எடுத்துவிட்டு வெளிச்சம் விடுகிற தகடு போடலாம். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கூரை அவர்கள் பொறுப்பு. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் நீங்களாகவே துளைக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், பாசியைச் சுரண்டவும் வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்கு மிகக் கெடுதி. குளிருக்காகக் கூரைக்குக் கீழே உரப்பை தைத்துக் கட்டுகிறவர்கள், அடுப்புப் பக்கத்துக்கும் மின்கம்பி ஓடுகிற பக்கத்துக்கும் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு ஒரு காம்பராவோடு நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். லயம் முழுவதும் ஒரே கூரை.

கரண்ட் போகிற நேரத்துக்கு விளக்கு வைத்திருப்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, மறந்திருக்க மாட்டீர்கள். சோடாப் போத்தலில் திரி போட்ட குப்பிலாம்பு வேண்டாம். அது தட்டினால் விழும், விழுந்தால் எண்ணெய் சிந்தி நெருப்புப் பிடிக்கும். இந்த நாட்டு வைத்தியர் விஜய கொடகும்புர, சுட்டெரிந்து வந்த நோயாளிகளைப் பார்த்து மனம் நொந்து, குட்டையான, பாரமான, பக்கம் தட்டையான, திருகு மூடி போட்ட கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கினார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. அந்த மாதிரி விளக்கு கிடைத்தால் வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் டோர்ச் லைட்டே நல்லது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். அறைக்கு ஒரு குணம் வருவது சாமானால் அல்ல, ஆளால். ஏழு பேர் இருக்கிற வீட்டில் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தனி அறை கேட்கவில்லை. ஒரு ஆணி, ஒரு தட்டு, ஒரு மூலை. "இது என்னோடது" என்று சொல்லக்கூடிய அளவு.

பெரிய மனுஷியான பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். உடுப்பு மாற்றுவதற்கு எல்லாரும் வெளியே போகிற நேரம் பார்த்து நிற்கிறாள். ஒரு மூலையில் கயிறு கட்டி, அம்மாவின் பழைய சேலை இரண்டை இரட்டையாகத் தைத்துத் தொங்கவிட்டால் அவளுக்கு ஒரு அறை ஆச்சு. மூடி போட்ட ஒரு பெட்டியும் அவளுக்கென்று கொடுங்கள், அதை மற்றவர்கள் திறக்கக் கூடாது என்று அப்பா ஒரு சொல் சொல்லட்டும். இது ஆடம்பரம் இல்லை, மரியாதை.

படிக்கிற பிள்ளைக்கு யன்னலோரம் ஒரு பலகை. சுவரில் இரண்டு மரக்கட்டை அடித்து அதன்மேல் வைத்தால் மேசை, தேவையில்லாதபோது மடித்துவிடக் கீல் போட்டுக்கொள்ளலாம். வலது கையால் எழுதுகிற பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வரட்டும், அப்போதுதான் கை நிழல் கொப்பியில் விழாது. ஓ.எல். பரீட்சை எழுதப்போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் டீவியைக் குறைத்து வைப்பதும் வீட்டலங்காரத்தில்தான் சேரும். பழைய லயங்களில் காம்பராச் சுவர் கூரைவரை போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் டீவி சத்தம் அடுத்த காம்பராப் பிள்ளையின் படிப்பையும் கெடுக்கும்.

தாத்தா பாட்டியை இஸ்தோப்பில் படுக்க வைக்கிற பழக்கத்தை நாங்கள் சொல்லாமல் விட முடியாது. இஸ்தோப்பை அடைத்துத் தகரம் அடித்திருந்தாலும் குளிர் காற்று கீழால் வரும், வயசான எலும்பு தாங்காது. அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் இருக்கிறதே, அந்தச் சுவர் இரவு வெகுநேரம் சூடாக இருக்கும். அதுதான் அவர்கள் படுக்க ஏற்ற இடம். பாயை ஈரத் தரையில் நேரே போடாமல், கீழே ஒரு பலகைத் தட்டு வையுங்கள்.

சுவரில் என்ன மாட்டுவது? சாமிப் படம் இருக்கும். எம்.ஜி.ஆர். படமும் இருக்கும். அவர் 1917இல் நம்ம நாவலப்பிட்டியில் பிறந்தவர் அல்லவா, உரிமையோடு மாட்டலாம். ஆனால் பத்து வருடத்துக் கலண்டரையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டால், பின்னால் கரப்பான் குடியேறும், அவ்வளவுதான். அவற்றைக் கழற்றிவிட்டு, உங்கள் குடும்பத்து ஆட்களின் படத்தை மாட்டுங்கள். பாட்டியின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதையே டவுனில் பெரிதாக்கிச் சட்டம் போடலாம். பழைய கொழுந்துக் கூடை, கைப்பிடி தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, ஸ்டோரிலிருந்து எப்போதோ வந்த தேயிலைப் பெட்டிப் பலகை, இவற்றை எறிந்துவிடாதீர்கள். ஹோட்டலாக மாற்றிய பழைய பங்களாக்களில் இதே கூடையை வாசலில் வைத்து வெள்ளைக்காரருக்குக் காட்டுகிறார்கள்! அந்தக் கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறியது யார்? அது நம் வீட்டில் வெங்காயமும் கிழங்கும் போட்டு ஒரு மூலையில் தொங்கினால், அதைவிடப் பொருத்தமான அலங்காரம் வேறில்லை. ஒரே ஒரு விலக்கு. மருந்து வந்த கேனை எவ்வளவு கழுவினாலும் தண்ணி வைக்கவோ பூ நடவோ வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

இப்போது தனி வீடு கிடைத்தவர்களுக்கு ஒரு சொல். ஏழு பேர்ச் காணியில் இரண்டு அறையும் முன்சாலையும் குசினியுமாகப் புது வீட்டுக்குப் போன குடும்பங்கள் நம் கூட்டத்திலும் இருக்கின்றன. சந்தோஷம். ஆனால் போன கையோடு தவணைக் கடனுக்கு செட்டியும் கண்ணாடி அலுமாரியும் இறக்குகிறார்கள். முன்சாலை நிறைந்துவிடுகிறது. செட்டிக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவதில்லை, அலுமாரிக் கோப்பையில் யாரும் குடிப்பதில்லை, குடும்பம் மட்டும் பழையபடி குசினித் தரையில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. கிழமைக்குக் கிழமை கடன்காரர் வந்து அந்தச் செட்டியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்! இதைக் கண்டு நாங்கள் சிரித்ததில்லை. வீட்டில் மனசு ஆறாமல் செய்வது கடனைப் போல வேறொன்றில்லை. ஒரு வருடம் வெறும் பாயோடு இருந்து, யார் எங்கே உட்காருகிறார்கள், எங்கே வெயில் விழுகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

இதெல்லாம் யார் செய்வது? இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமார் மனசுக்குள் கணக்குப் போடுவது எங்களுக்குத் தெரிகிறது. மலையிலும் வேலை, வீட்டிலும் வேலை, இப்போது இன்னொரு வேலையா என்று. கவ்வாத்துக்கும் மருந்தடிக்கும் போகிற ஆண்கள் பல தோட்டங்களில் பகலோடு வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள், பெண்கள் அந்திக் கொழுந்து நிறுத்துத்தான் வருகிறார்கள். இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்கிறது. சுண்ணாம்பு, பலகை, புகைபோக்கி, விறகு இவ்வளவும் உங்கள் பங்கு என்று நாங்கள் எழுதி வைக்கிறோம்.

ஆண்களுக்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். குசினியைப் பெருப்பிக்கிறோம் என்று லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டை வெட்டாதீர்கள். ஒரு காம்பராக்காரர் வெட்டினால் லயம் முழுவதற்கும் ஆபத்து. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. கானை அடைக்காமல் வைத்திருங்கள். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, மரம் சாய்வது, பீலித் தண்ணி திடீரென்று கலங்கி வருவது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டத்துக்கும் அறிவியுங்கள். எழும்பச் சொன்னால் சாமானைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அப்படி எழும்புகிற நேரத்தில் கையில் எடுக்க வேண்டியது ஒன்றுதான். வீட்டில் றங்குப் பெட்டி இருக்கிறதல்லவா? அதற்குள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கலியாணப் பதிவு, சேமலாப நிதிக் கடிதங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு இவற்றை ஒன்றாகக் கட்டி வையுங்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன நாளிலிருந்து கடதாசி இல்லாமல் நம் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தக் கதை முடியவில்லை. ஆகவே அந்தப் பெட்டிக்கு வீட்டில் நல்ல இடம் கொடுங்கள். நிலத்தில் வைக்காமல், ஈரம் ஏறாத உயரத்தில், கதவுக்குக் கிட்ட, சிறுபிள்ளைக்கும் எங்கே என்று தெரிகிற மாதிரி. மேலே பாட்டி தைத்த ஒட்டுத்துணி விரிப்பைப் போட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும்.

நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். வருகிற தையில் லயம் லயமாகச் சுண்ணாம்பு சேர்த்து வாங்கினால் விலை குறையும். எத்தனை காம்பரா என்று பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பிள்ளை மடுவத்தில் கொடுக்கலாம். அதற்கு முன்னே கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் இருக்கிற அம்மாமாரிடமிருந்து தொடங்குவோம், அவர்கள்தான் ரொம்ப நேரமாக ஒன்றும் பேசாமல் இருக்கிறார்கள்.